கயாவில் போடும் பிண்டமும் கெலௌரில் வெட்டிய பாதையும்

(ஆகஸ்டு மாதம் 17ந் தேதி ஒரு கிராமத்தில் நடந்த தசரத மாஞ்சி நினைவு நாள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் இங்கு கூடியிருப்பது ஒரு மந்திரியையோ, மடாதிபதியையோ, மகாத்மாவையோ கொண்டாடுவதற்காக அல்ல. கூட்ட நோட்டீசைப் பார்த்த சிலர், "தசரத மாஞ்சி என்பவர் யார்? எந்த ஊர்ப் பெரிய மனிதர்?" என்று கேட்டதாகத் தலைவரவர்கள் நம்மிடம் சொன்னார். அவர் பெரிய மனிதர் அல்ல. சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு குழி நிலமும் இல்லாத கூலிக்காரர். பீகாரிலே கயா ஜில்லாவில் கெலௌர் என்கின்ற சிறு கிராமத்துக்காரர். 2007ஆம் வருஷம் ஆகஸ்டு 17ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் பித்தப்பைப் புற்றுநோயினால் இறந்து போனார். ஜாதியோ முசாகர் ஜாதி. அந்தப் பேருக்கே எலி பிடிப்பவன், எலி தின்கின்றவன் என்று அர்த்தம் சொல்லுகின்றார்கள். வயலிலே விளைந்த நெல்லெல்லாம் மிராசுதாரன் களஞ்சியத்துக்குப் போய்விட்ட பிறகு, எலி வளையைத் தோண்டினால் கிடைப்பது எலியும், எலி திருடி வைத்த நாலு நெல்மணியும்தானே? அதைத் தின்று உயிர் வாழ்ந்த ஜனங்களுக்கு அதையே ஜாதிப் பேராக வைத்து, "நீ எலி தின்கின்றவன், ஆகையால் தொடாதே" என்று சொன்ன தேசம் நம்முடைய தேசம்.

நிற்க, கயா என்றவுடனே உங்களில் பலருக்கு ஒரு விஷயம் ஞாபகத்திற்கு வந்திருக்கும். நம் பக்கத்திலிருந்து காசிக்குப் போகின்றவர்கள் கயாவுக்கும் போகாமல் திரும்புவதில்லை. அங்கே பல்குனி என்று ஓர் ஆறு இருக்கின்றது. ஆறு என்பது பெயர்தான். வருஷத்தில் பெரும்பகுதி மணல். மணலைத் தோண்டினால் தண்ணீர் வரும். அதற்குக் காரணம் சீதையின் சாபம் என்பார்கள். நம் ஊர்க் காட்டாறுகளெல்லாம் கூடக் கோடையில் மணலாகத்தான் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் சபித்த அம்மாள் யார் என்று நமக்குத் தெரியவில்லை. அந்த ஆற்றங்கரையிலும், விஷ்ணுபாதம் என்கின்ற கோயிலிலும், அக்ஷயவடம் என்கின்ற ஆலமரத்தடியிலும் பிண்டம் போட்டால் செத்துப்போனவர்கள் கரையேறிவிடுவார்களாம். பாட்டன், முப்பாட்டன் பேரெல்லாம் எழுதி வைத்த கணக்குப் புத்தகத்தோடு பண்டாக்கள் காத்திருப்பார்கள். தட்சிணையைப் பொறுத்து மந்திரம் நீளும், குறுகும். கடைசியாக, தனக்குப் பிரியமான ஒரு காயையும் ஒரு பழத்தையும் அந்த மரத்தடியில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது ஒரு சம்பிரதாயம். நம்மவர்கள் எதை விடுகின்றார்கள் தெரியுமா? அநேகமாகப் பாகற்காயை. மாம்பழத்தை விட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை.

இதைப் பரிகாசத்திற்காக மாத்திரம் சொல்லவில்லை. செத்துப்போன தகப்பனை, தாயை, மனைவியை நினைக்கவேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றுவது நியாயமான ஆசையேயாகும். அந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. அந்த ஆசையை முதலாக வைத்து ஒரு கூட்டம் பிழைப்பு நடத்துகின்றதே, அதைத்தான் குறை சொல்லுகின்றோம். அந்தக் கூட்டம் பிழைக்கின்ற அதே கயா ஜில்லாவிலேதான், ஒரு புரோகிதனையும் கூப்பிடாமல், ஒரு காலணா தட்சிணையும் கொடுக்காமல், ஒரு முசாகர் கூலிக்காரர் தம் மனைவிக்காக ஒரு காரியம் செய்தார். அந்தக் காரியத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கின்றோம்.

மாஞ்சி வாலிபத்தில் ஊரை விட்டுப் போய்த் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். பிறகு ஊருக்குத் திரும்பிக் குடும்பம் நடத்தினார். மனைவியின் பெயர் பல்குனி தேவி. பிண்டம் போடுகின்ற ஆற்றுக்கும் அந்தப் பெயர்தான் என்பதைக் கவனியுங்கள். கெலௌருக்கும் வெளி உலகத்திற்கும் நடுவில் ஒரு பாறை மலை. மலைக்கு அந்தப் பக்கம் வயல், கடை, வைத்தியம். இந்தப் பக்கம் இவர்கள் குடிசை. மாஞ்சி அந்தப் பக்கம் கூலி வேலைக்குப் போவார். பல்குனி தேவி கஞ்சியும் தண்ணீர்க் குடமும் சுமந்துகொண்டு அந்த மலைமேல் ஏறி இறங்குவார். ஒரு நாள் கால் இடறி விழுந்தார். குடம் உடைந்தது, அவருக்கும் பலமான அடிபட்டது. வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டுமானால் மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அத்ரி என்கின்ற இடத்திற்கும் வசீர்கஞ்சு என்கின்ற இடத்திற்கும் மலையைச் சுற்றிப் போனால் 55 கிலோமீட்டர். மலை வழிவிட்டால் 15 கிலோமீட்டர். அந்த 40 கிலோமீட்டர் வித்தியாசத்திலேதான் ஏழைகளின் உயிர் போய்க்கொண்டிருந்தது. பாதை திறப்பதற்கு வெகு காலத்திற்கு முன்பே பல்குனி தேவி இறந்து போனார்.

தோழர்களே, இப்படி ஒரு சாவு நம் வீட்டில் நடந்தால் நாம் என்ன சொல்லுவோம்? "தலைவிதி" என்போம். "அவள் ஆயுசு அவ்வளவுதான்" என்போம். சோசியனைக் கேட்டால் "அஷ்டமத்தில் சனி" என்பான். புரோகிதனைக் கேட்டால் "பதினாறாம் நாள் காரியத்தைக் குறைவில்லாமல் செய்" என்பான். மாஞ்சி யாரையும் கேட்கவில்லை. மனைவி விழுந்ததற்குக் காரணம் விதியா, சனியா, பூர்வஜன்ம கர்மமா என்று ஆராய்ச்சி செய்யவில்லை. காரணம் கண்ணுக்கு எதிரே நின்றது. அது மலை. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்த இந்த ஒரு விஷயம், வேதம் படித்த அநேகம் பேருக்குத் தெரிவதில்லை.

வளர்த்த ஆடுகளை விற்றார். சுத்தியும் உளியும் வாங்கினார். 1960ஆம் வருஷம் மலையை வெட்ட ஆரம்பித்தார். 1982ஆம் வருஷம் முடித்தார். 22 வருஷம்! நீளம் 360 அடி. அகலம் 30 அடி. ஆழம் 25 அடி. நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 360 அடியை 22 வருஷத்திற்குப் பங்கு போட்டால் வருஷத்திற்கு 16 அடிக்குச் சற்று அதிகம் வருகின்றது. நாளொன்றுக்கு அரை அங்குலம். உங்கள் கட்டைவிரல் நகத்தின் அகலம் கூட இல்லை. அந்த மனிதர் நாள் முழுவதும் அடித்துவிட்டு, இருட்டுகின்ற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், காலையில் இருந்த மலை அப்படியே நின்றிருக்கும். மறுநாளும் அப்படியே. அடுத்த மாதமும் அப்படியே. கண்ணுக்குத் தெரிகின்ற லாபம் இல்லாமல் ஒரு வேலையை 22 வருஷம் செய்வதென்றால், அதற்கு வெறும் உடம்புப் பலம் போதாது. "இன்றைக்குப் போனது அரை அங்குலம், மிச்சம் இவ்வளவு" என்று கணக்குத் தெரிந்த மனசு வேண்டும்.

அவர் வெறும் முரட்டுத்தனமாக மோதினார் என்றும் நினைக்காதீர்கள். உளிக்கு மசியாத பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, கல் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீரை ஊற்றுவாராம். சூட்டில் விரிந்த கல் திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது விரிசல் விடும். அந்த விரிசலிலே உளியை வைத்தால் பாளம் பாளமாகப் பெயரும். இது நம் ஊர்க் கல்லொட்டர்களுக்கும் தெரிந்த சங்கதி. இதற்கு மந்திரம் வேண்டியதில்லை. காயத்ரியை லட்சம் தரம் ஜெபித்தாலும் விரியாத கல், ஒரு கட்டு விறகுக்கும் ஒரு குடம் தண்ணீருக்கும் விரிந்து கொடுக்கின்றது.

இதற்கு நடுவில் வயிற்றுப்பாடு என்ன ஆயிற்று என்று தாய்மார்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. குழந்தைகளை விட்டுவிட்டு அவர் சந்நியாசியாய் மலையடிவாரத்தில் உட்கார்ந்துவிடவில்லை. பிறர் நிலத்தில் கூலி வேலையும் செய்தார். கூலி வேலை போக மிச்ச நேரத்தில் மலை வேலையும் செய்தார். நம் நாட்டில் பெண்டாட்டி செத்துப்போனால், பிள்ளைகளைத் தெருவில் விட்டு, காவி கட்டிக்கொண்டு, "சம்சாரம் மாயை" என்று கிளம்பிவிடுகின்ற ஆசாமிகளுக்குப் பெரியவர் என்று பட்டம் கிடைக்கின்றது. குடும்பத்திற்குக் கஞ்சியும் ஊற்றி, ஊருக்குப் பாதையும் வெட்டினவருக்கோ ஊரிலே கிடைத்த பட்டம் பைத்தியக்காரன் என்பது. முதலிலே எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, வருஷக் கணக்கில் அவர் நிறுத்தாமலிருப்பதைப் பார்த்துச் சிலர் சோறு கொடுத்தார்களாம். சிலர் உளி வாங்கவும் உதவினார்களாம். கொடுத்தவர்களும் அவரைப்போன்ற ஏழைகளாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

அவருடைய பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தசரதன் என்று நம் புராணத்தில் ஒருவன் இருக்கின்றான். அவனுக்கு அறுபதினாயிரம் மனைவிகளாம். அந்த அறுபதினாயிரத்தில் ஒருத்திக்காவது அவன் ஒரு படிக்கட்டு வெட்டினான் என்று எந்தப் பௌராணிகராவது சொல்லியிருக்கின்றாரா? பிள்ளைக்காக யாகம் செய்தான். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பினான். பிறகு அழுது செத்தான். இதை வருஷா வருஷம் காலட்சேபம் செய்து, கண்ணீர் விட்டுக் கேட்கின்றீர்கள். அநுமான் சஞ்சீவி மலையைப் பெயர்த்ததையும், கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்ததையும் வாய் பிளந்து கேட்கின்றீர்கள். அந்த மலைகளினால் யாருக்கு என்ன வந்தது? இந்தத் தசரதன் வெட்டின மலையிலே சைக்கிள் போகின்றது, மாட்டு வண்டி போகின்றது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகின்றார்கள், பிரசவ வேதனையில் இருக்கின்ற பெண்ணைக் கொண்டு போகின்றார்கள். நம்புகின்றவன் நம்பாதவன் எல்லோரும் போகலாம்.

பத்திரிகைக்காரர்கள் சிலர் அவரை ஏழைகளின் ஷாஜகான் என்று எழுதினார்கள். நல்ல எண்ணத்தோடு எழுதியிருப்பார்கள். ஆனாலும் அந்த ஒப்புமை நமக்குச் சம்மதமில்லை. மும்தாஜ் 1631இல் இறந்தாள்; அடுத்த வருஷமே தாஜ்மகால் வேலை தொடங்கிற்று. கல் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள். பணமோ குடியானவர்களின் வரிப்பணம். ஷாஜகான் ஒரு உளியைக் கையிலெடுத்திருப்பானா? அன்றியும் மும்தாஜ் இறந்தது பிரசவத்திலே. தாஜ்மகாலினால் பிரசவத்திலே சாகின்ற இன்னொரு பெண் பிழைத்தாளா? பார்ப்பதற்கு அழகாக இருக்கின்றது என்பது வாஸ்தவந்தான். நாம் அழகுக்கு விரோதியல்ல. ஆனால் தன் மனைவி எதனால் செத்தாளோ அதே காரணத்தினால் இன்னொருத்தி சாகக்கூடாது என்று நினைத்த கூலிக்காரரை, தன் துக்கத்தைப் பளிங்கிலே பூட்டி வைத்த சக்கரவர்த்தியோடு சேர்த்துச் சொல்லுவது, கூலிக்காரருக்குப் பெருமையாக நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு நேரம் அவரைப் புகழ்ந்தோம். இனிமேல் சொல்லப் போவது சிலருக்குக் கசப்பாக இருக்கும்.

அந்த 22 வருஷமும் இந்தத் தேசத்தில் அரசாங்கம் என்று ஒன்று இருந்ததா, இல்லையா? 1960 என்றால் வெள்ளைக்காரன் போய் 13 வருஷம் ஆகிவிட்டது. 1969இல் பாங்கிகளைத் தேசிய உடைமையாக்கினார்கள். 1974இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். 1975இல் ஆரியபட்டா என்கின்ற செயற்கைக் கிரகத்தை ஆகாயத்திற்கு அனுப்பினார்கள். செய்யட்டும், விஞ்ஞானம் வளரவேண்டியதுதான். ஆனால் பூமிக்குள்ளே அணுகுண்டு வைத்து வெடிக்கத் தெரிந்த சர்க்காருக்கு, கெலௌர் மலையில் வைக்க ஒரு பிடி வெடிமருந்து கிடைக்கவில்லையே, அது ஏன்? மலை பெரிது என்பதா? 360 அடி ஒரு பெரிய மலையா? ஒரு என்ஜினீயரும் நூறு ஆளும் சில மாதத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை. மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் முசாகர்கள். அவர்கள் விழுந்தால் விழட்டும், செத்தால் சாகட்டும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. ஒரு ஜமீன்தார் வீட்டு அம்மாள் அந்த மலையில் இடறி விழுந்திருந்தால், அடுத்த மழைக்காலத்திற்குள் அங்கே தார் ரஸ்தா வந்திருக்கும்.

மாஞ்சி சர்க்காரைக் கேட்காமலும் இல்லை. ரயில் தண்டவாளத்தின் ஓரமாகவே டில்லிக்கு நடந்து போனார் என்று அவர் கதையை எழுதினவர்கள் சொல்லுகின்றார்கள். ரயிலுக்குக் காசில்லாதவனுக்குத் தண்டவாளமாவது வழி காட்டிற்றே! பாதை முடிந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை; ரஸ்தா வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கினார். மலையை அசைக்க 22 வருஷம் ஆயிற்று என்றால், ஆபீசுப் பைலை அசைக்க அதற்கும் மேலாயிற்று. அவர் வெட்டின பாதைமேல் சர்க்கார் தார் போட்டது அவர் இறந்த பிறகுதான்.

மரியாதைகளுக்கு மாத்திரம் குறைவில்லை. 2006இல் பீகார் முதல் மந்திரி நிதீஷ்குமார் அவர்கள் தம்முடைய நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்தார். நல்ல காரியம், தொட்டால் தீட்டு என்ற ஜாதியிலே பிறந்தவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததை நாம் குறைவாக மதிக்கவில்லை. அதே வருஷம் பத்மஸ்ரீ பட்டத்திற்கு மாகாண சர்க்கார் சிபாரிசு செய்தது, பட்டம் வரவில்லை. இறந்தபோது அரசாங்க மரியாதையுடன் அடக்கம் நடந்தது. 2015இல் அவர் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். 2016இல் தபால் தலை வெளியிட்டார்கள். சினிமா ஓடிற்று, தபால் தலை விற்றது. அவருடைய குடும்பத்தின் தரித்திரமோ அப்படியே இருக்கின்றதென்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. உயிரோடிருந்தபோது ஒரு சுத்தி கொடுக்காதவர்கள், செத்த பிறகு துப்பாக்கி வேட்டு மரியாதை செய்கின்றார்கள். கயாவிலே பிண்டம் போடுகின்றவனுக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்? தகப்பன் உயிரோடிருக்கும்போது சோறு போடாமல், செத்த பிறகு காக்கைக்குச் சோறு வைக்கின்ற புத்திதானே இரண்டும்?

இதைவிட விஷமமான காரியம் ஒன்று நடக்கின்றது. பண்ணைக்காரரும் ஆலை முதலாளியும் இப்பொழுது மாஞ்சியின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கின்றார்கள். கூலி உயர்வு கேட்டால், "பார் மாஞ்சியை, ஒருவரிடமும் கை நீட்டாமல் தானே மலையை வெட்டினார், நீ ஏன் சங்கம், வேலை நேரம் என்று கூச்சல் போடுகின்றாய்?" என்கின்றார்கள். "உழைப்பே தெய்வம்" என்று சுவரிலே எழுதிவைத்துவிட்டு, அந்தத் தெய்வத்திற்கு ஆராதனை செய்கின்ற வேலையைக் கூலிக்காரனுக்கும், நைவேத்தியத்தைத் தின்கின்ற வேலையைத் தங்களுக்குமாகப் பங்கு போட்டுக்கொள்ளுகின்றார்கள். ஆதியிலே வருணாசிரமக்காரன் செய்த பாகப் பிரிவினைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. மாஞ்சி 22 வருஷம் தனியாகப் பாடுபட்டது அவருடைய பெருமை. அவரைத் தனியாக விட்டது மற்றவர்களுடைய அயோக்கியத்தனம். முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைக்கின்றவர்கள் மேடையிலே மாஞ்சியின் பெயரைச் சொன்னால், அங்கேயே எழுந்திருந்து கேட்டுவிடுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. எல்லோரும் மாஞ்சியைப் பற்றியே எழுதுகின்றார்கள். நாமும் அவரைப்பற்றியே பேசினோம். ஆனால் அந்த மலைமேல் தினந்தோறும் ஏறினது யார்? ஆண்பிள்ளை வேலைக்குப் போனால் ஒரு தடவை ஏறி, ஒரு தடவை இறங்குவான். தண்ணீருக்கும் விறகுக்கும் கஞ்சிக்கும் ஏறி இறங்கினவர்கள் பெண்கள். பல்குனி தேவி விழுந்ததற்கு முன் எத்தனை பேர் விழுந்தார்களோ, அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. பெண் சுமப்பது சுபாவம், பெண் விழுந்தால் அவள் அஜாக்கிரதை என்றிருந்த ஊரிலே, "விழுந்தது அவள் குற்றமல்ல, வழியின் குற்றம்" என்று ஒரு ஆண்பிள்ளை நினைத்தாரே, மலையை வெட்டினதைவிட அது பெரிய காரியமென்று நமக்குப் படுகின்றது. இங்கே வந்திருக்கின்ற ஆண்பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், தங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீருக்காக எவ்வளவு தூரம் நடக்கின்றார்கள் என்று ஒரு தடவை கூடவே நடந்து பார்த்தால் நல்லது. குடத்தை நீங்களே வாங்கிச் சுமந்துகொண்டு நடந்தால் இன்னும் நல்லது.

நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தோழர் சீட்டு ஒன்று அனுப்பியிருக்கின்றார். "மாஞ்சியும் சாமி கும்பிடுகின்றவராக இருந்தால், அவரை உங்கள் மேடையில் கொண்டாடலாமா?" என்று கேட்டிருக்கின்றார். கேட்கவேண்டிய கேள்விதான். அவர் கும்பிட்டிருக்கலாம்; நாம் அதைத் தடுக்கப் போகவில்லை. அவர் நம் கட்சிக்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடவும் வரவில்லை. நம்முடைய கேள்வி ஒன்றுதான். கும்பிட்ட நேரத்தில் மலை எத்தனை அங்குலம் குறைந்தது? உளி பிடித்த நேரத்தில் எத்தனை அங்குலம் குறைந்தது? இதற்குக் கணக்கு அந்த மலையிலேயே இருக்கின்றது. வேண்டியவர்கள் நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்க்கலாம். இப்பொழுது கெலௌரிலே அவருக்குச் சிலை வைத்திருக்கின்றார்கள். நாளைக்கு யாராவது அந்தச் சிலைக்குத் தேங்காய் உடைத்து, "மாஞ்சி பகவானே, எங்கள் ஊருக்கும் பாதை வெட்டிக் கொடு" என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தால், அந்தத் தோழர் நமக்கு இன்னொரு சீட்டு அனுப்பட்டும். அப்பொழுது மாஞ்சியின் பக்கம் நின்று பேச மறுபடியும் வருகின்றோம்.

இன்னும் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. அவற்றிற்கு அடுத்துப் பேசப்போகும் தோழர் பதில் சொல்லுவார்.